போதுமானதன்று

அத்தியாயம் 14

முடியுமா என்று கேட்டு நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே சமையலறையில், அண்ணியும் நாத்தனாரும் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்க முடியுமா? பேஷாக முடியும். நடுவில் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தால் போதும்.

அந்த ஃப்ரிட்ஜின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய சீட்டுகளில்தான் இப்போது அந்த வீடு ஓடிக்கொண்டிருக்கிறது. 'பால் தீர்ந்துவிட்டது.' 'கேஸ் பதிவு செய்தாகிவிட்டது.' 'மெஷினில் கிடக்கும் துணி யாருடையது?' யார் யாருக்கு எழுதியது என்று எந்தச் சீட்டிலும் இருக்காது.

இந்த வாரம்தான் உள்ளே வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் வாயில் 'குட்டி', வயது முப்பத்தொன்று, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். புருஷனோடு கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து நாலு மாதமாகிறது. மற்றவர்கள் பெட்டி படுக்கையோடு வருவார்கள். இவள் மூன்றடி நீள மீன்தொட்டியோடு வந்தாள். "இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று மாப்பிள்ளை கத்தினாராம். குட்டி உடனே வேனுக்குப் போன் செய்துவிட்டாள்.

வெயில் படாத, தரை சமமான, பிளக் பக்கத்தில் இருக்கிற இடம் கூடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே அண்ணியின் மேசை இருந்தது. அண்ணி குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவள். மேசை வாஷிங் மெஷின் பக்கத்துக்குப் போனது. மெஷின் துணி பிழியும்போதெல்லாம் புத்தகம் ஆடியது. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் புருஷனிடம் வெடித்தாள்: "இந்த வீட்ல மீனுக்கு இருக்கற இடம்கூட எனக்கு இல்ல!"

குளியலறைக் கதவுக்குப் பின்னால் குட்டி நின்றிருந்தாள். அன்றோடு பேச்சு முடிந்தது.

மீன்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தென் அமெரிக்க ஆற்று மீன் ஜோடி அது. கடைக்காரர்கள் கீஹோல் சிக்லிட் என்பார்கள். ஒரு விரல் நீளம், மங்கிய மஞ்சள் உடம்பு, விலாவில் அச்சு அசல் சாவித்துவாரம் போலக் கறுப்பாக ஓர் அடையாளம். சிக்லிட் கூட்டமே அடிதடிக்குப் பேர்போனது. இந்த வகை மட்டும் பரம சாது. பக்கத்தில் நீந்துகிற பொடி மீனைக்கூட முறைக்காது. பயந்தால் மரவேருக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டு, சாவித்துவாரமே தெரியாமல் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்துவிடும். லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் ஆணுக்குப் 'பூட்டு' என்றும் பெண்ணுக்குச் 'சாவி' என்றும் பேர் வைத்தார். சண்டை போடத் தெரியாத ஜீவன்கள் அந்த வீட்டில் அவை இரண்டும்தான்.

நாலு தடவை அவை தட்டைக் கல்லில் முட்டையிட்டு, நாலு தடவையும் தாங்களே தின்றுவிட்டன. ஐந்தாவது தடவை, என்ன புத்தி வந்ததோ, தின்னவில்லை. மாறி மாறிக் காவல் காத்து, துடுப்பால் விசிறி, பொரித்து, இப்போது எள்ளுக்கு வால் முளைத்தாற்போல அறுபது குஞ்சுகள் ஆறு நாளாக நீந்திக்கொண்டிருக்கின்றன.

"இதுங்க பொழைச்சா நானும் பொழைச்சுக்குவேண்ணா" என்று குட்டி அண்ணனிடம் சொன்னது சமையலறையில் இருந்த அண்ணியின் காதிலும் விழுந்தது.

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது. அதனால்தான் நாலு நாளைக்கு முன்னால் அந்த அறிவிப்பைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

அறிவிப்பு வாரியத்துடையது. எழுதியது அவளேதான். அழகு தமிழில் அறிவிப்பு எழுத ஆய்வகத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

'பத்தாம் தேதி முதல் குடிநீரில் குளோரினுக்கு மாற்றாகக் குளோரமின் சேர்க்கப்படும். மனிதர் பருகுவதற்கு ஏற்றது. மீன் வளர்ப்போர் குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்தல் போதுமானதன்று. விவரங்களுக்கு ஆய்வகத்தை அணுகவும்.'

குளோரின் ரோஷக்கார வாயு. வாளியைத் திறந்து வைத்தால் ஒரே நாளில் கிளம்பிப் போய்விடும். மீன் வளர்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் தண்ணீர் மாற்றுகிறார்கள். குளோரமின் அப்படியில்லை, நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மீனின் செவுள் வழியாக ரத்தத்தில் இறங்கி, மூச்சை முடக்கிவிடும்.

இதை நாத்தனாரிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரோஷம் விட்டால்தானே!

&nbsp;

பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஆய்வகத்தின் தொலைபேசி அடித்தது.

"நான் ரிட்டயர்டு தபால்காரன்மா" என்றது ஒரு வயதான குரல். "படிக்கத் தெரிஞ்சவன்தான். ஆனா உங்க அறிவிப்புல ஒரு சந்தேகம். ஒருநாள் திறந்து வைத்தல் போதுமானது, அன்றுன்னு போட்டிருக்கீங்களே, எந்த அன்று?"

"புரியல சார்."

"பத்தாம் தேதி அன்றா? அன்னிக்கு மட்டும் ஒருநாள் வெச்சா போதும்கறீங்களா, இல்ல எப்பவுமேவா? நானும் ஒருநாள் வெச்சுத்தான் ஊத்தினேன். மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குதேம்மா!"

 அண்ணி கையிலிருந்த பைப்பெட் குழாயை மேசைமேல் வைத்தாள்.

"அன்றுன்னா 'இல்லை'ன்னு அர்த்தம் சார். போதாது. போதவே போதாது. உடனே மீன் கடைக்குப் போயி, குளோரமின் எடுக்கற மருந்து வேணும்னு கேட்டு வாங்கி ஊத்துங்க. இப்பவே போங்க."



"அதை அப்படியே போட்டிருக்கலாமேம்மா" என்றார் தபால்காரர். வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இன்று குட்டிக்கு விடுமுறை. வாராவாரம் விடுமுறை நாளில்தான் தண்ணீர் மாற்றுவாள். நேற்றுக் காலையே இரண்டு பெரிய வாளிகளில் தண்ணீர் பிடித்துத் திறந்து வைத்திருந்ததை அண்ணி பார்த்தாள். பார்த்துவிட்டு, மருந்து வாங்கி வைத்திருப்பாள் என்று தானாகவே நினைத்துக்கொண்டாள். ஏனென்றால், ஃப்ரிட்ஜில் அறிவிப்பைப் படித்த அன்று குட்டி ஒரு காரியம் செய்தாள். தன் டீ தம்ளரைக் கழுவும்போது அண்ணியின் தம்ளரையும் சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். மூன்று வாரத்தில் முதல்முறை. 'படிச்சுட்டா, புரிஞ்சுகிட்டா' என்று அண்ணிக்கு ஒரே நிம்மதி.

படித்தாள், சரி. எப்படிப் படித்தாள்?

குட்டிக்குப் போன் போட்டாள். கட் ஆனது. மறுபடி போட்டாள், மறுபடி கட். 'தண்ணீர் மாற்றாதே' என்று அனுப்பினாள். பார்த்ததாகவே காட்டவில்லை. புருஷனுக்குப் போட்டாள். அந்த நேரத்தில் அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருப்பார், போன் கருவிப் பெட்டிக்குள் கிடக்கும்.

அண்ணி ஒரு தாளில் மளமளவென்று எழுதிக்கொண்டு எழுந்தாள். நேராகப் பெரிய கெமிஸ்ட்டின் அறைக்குப் போனாள்.

"சார், நம்ம அறிவிப்பு தப்பு. ஜனங்க தலைகீழாப் படிக்கறாங்க."

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "போதாதுன்னு போட்டா போதாதாம்மான்னு நான் அன்னிக்கே கேட்டேன். அரசாங்க அறிவிப்புக்கு ஒரு மரியாதை வேணாமான்னு நீதான்..."

"அன்னிக்கேங்கற வார்த்தையே இன்னிக்கு வேணாம் சார். புதுசா எழுதிட்டேன். கையெழுத்துப் போடுங்க. எல்லாருக்கும் மெசேஜா உடனே போகணும்."

தாளை நீட்டினாள். அதில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'மீன் வளர்ப்பவர்களே! குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்தாலும் போதாது. ஒரு வாரம் வைத்தாலும் போதாது. மருந்து ஊற்றாமல் தொட்டியில் விடாதீர்கள்.'

அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "இதுல மரியாதை எங்கம்மா?"

"உயிரோட இருந்தா மரியாதை தானா வரும் சார். அப்புறம், எனக்கு அரை நாள் லீவு வேணும். தயோசல்பேட் ரெண்டு கிராம் வேணும். சோதனைப் பெட்டியும் வேணும்."

சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கிற பாட்டில்களில் ஆய்வகத்தார் அந்தப் பொடியைத் துளி போட்டு வைப்பது வழக்கம். தண்ணீரில் இருக்கிற குளோரின் சமாச்சாரத்தை அது நொடியில் முறித்துவிடும். கடைக்காரன் விற்கிற மீன் மருந்தும் பெரும்பாலும் அதுதான், பாட்டிலும் படமும்தான் கூடுதல்.

பெரிய கெமிஸ்ட் அவள் முகத்தைப் பார்த்தார். "யார் வீட்டு மீனு?"

"நம்ம வீட்டு மீன்தான் சார்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவரே தராசில் நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

&nbsp;

பஸ் ஊர்ந்தது. மூன்று நிறுத்தத்துக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தோண்டியது அவளுடைய வாரியமேதான், யாரைத் திட்டுவது? இறங்கி நடந்தாள். நடை ஓட்டமானது. செருப்பின் வார் ஒன்று பிய்ந்துகொண்டது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். முப்பத்தொன்பது வயதில், அலுவலக அடையாள அட்டை கழுத்தில் ஆட, ஒற்றைச் செருப்போடு ஓடுகிற பெண்பிள்ளையைத் தெருவே திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும். இரண்டு வாளித் தண்ணீரைக் குட்டி இன்னும் தூக்கியிருக்கக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. இடித்தாள்.

கதவு திறந்தது. குட்டியின் இரண்டு கையும் முழங்கைக்கு மேலே நனைந்திருந்தன. கண்ணும்தான். இருபத்தோரு நாளுக்குப் பிறகு அவள் அண்ணியிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"அண்ணி, மூச்சு விட மாட்டேங்குதுங்க அண்ணி."

"ஊத்தி எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இருபது நிமிஷம்."

"எவ்வளவு ஊத்தின?"

"ரெண்டு வாளி. நாப்பது லிட்டர். நீங்க போட்டிருந்தபடிதான் அண்ணி செஞ்சேன். ஒருநாள் திறந்து வெச்சேன். ஒருநாளுக்கு மேலயே ஆச்சு. சூடுகூடச் சரி பாத்துத்தான் ஊத்தினேன்."

 அண்ணி தொட்டிக்கு முன்னால் போய் மண்டியிட்டாள்.

பூட்டு தண்ணீரின் மேல்பரப்புக்கு வந்து, வாயைக் கண்ணாடி விளிம்பில் ஒட்டிக்கொண்டு காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. விலாவில் சாவித்துவாரம் காணவில்லை. உடம்பு முழுக்கக் கறுப்புத் திட்டு. குஞ்சுகள் மணலில் எள்ளைக் கொட்டினாற்போலக் கிடந்தன. சில துடித்தன. சில துடிக்கவில்லை.

சாவி மட்டும் மேலே வரவில்லை. அதற்கும் மூச்சுத் திணறியது, செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அது மணலில் கிடந்த குஞ்சு ஒன்றை வாயில் கவ்வி, வேருக்கு அடியிலிருந்த குழியில் கொண்டுபோய்த் துப்பியது. திரும்பி வந்தது. இன்னொன்றைக் கவ்வியது.

"ஒரு மக்கு கொண்டா. தொட்டித் தண்ணியே மொண்டு குடு."

குட்டி ஓடினாள். அண்ணி சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்து மாத்திரையைப் போட்டாள். ரோஜா நிறம் ஏறியது. ஏறக்கூடாத நிறம்.

காகித மடிப்பைப் பிரித்து, கற்கண்டுத் தூள் போலிருந்த பொடியில் பாதியை மக்கில் கொட்டிக் கலக்கினாள். வடிகட்டியின் தண்ணீர் விழுகிற இடம் பார்த்து, பதறாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.  பன்னிரண்டு வருஷம் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பழகிய கை அது. 

"காத்து பத்தாது. இன்னொரு பம்ப்பு இருக்கா?"

"குஞ்சுத் தீனிக்குப் பொடி இறால் முட்டை பொரிக்கற பாட்டில்ல ஒண்ணு ஓடுது."

"அதைப் பிடுங்கி இங்க போடு."

"தீனி செத்துடும்..."

"தின்ன ஆளே இல்லாம தீனி எதுக்கு? போடு."

குட்டி பிடுங்கிப் போட்டாள். இரண்டு பக்கமும் குமிழி கிளம்பியது. அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் காத்திருந்தாள். 

மறுபடி குப்பியில் தண்ணீர் எடுத்து மாத்திரை போட்டாள். இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நிறமே ஏறவில்லை.

"தண்ணி சரியாயிடுச்சு" என்றாள் அண்ணி. "இனிமே அதுங்க ரத்தம் தெளியணும். அதுக்கு மருந்து கிடையாது. காத்தும் நேரமும்தான். குளோரமின் உடைஞ்சதுல அம்மோனியா ஏறும், அதை அரை மணிக்கு ஒரு தடவை நான் பாத்துக்கறேன். வடிகட்டி ஸ்பாஞ்சைக் குழாய்ல கழுவினியா?"

"இல்ல அண்ணி. எடுத்த பழைய தண்ணிலதான் பிழிஞ்சேன்."

"நல்ல காரியம் பண்ணின. அதுல இருக்கற கிருமிதான் இப்ப அம்மோனியாவைத் தின்னு நமக்குக் கூலி வாங்காம வேலை செய்யப் போகுது."

குட்டி தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

"தப்பு என்னோடது" என்றாள் அண்ணி. "அன்றுன்னா இல்லைன்னு அர்த்தம். போதுமானதன்றுன்னா போதாது. வாயில வராத தமிழை எழுதி உன் தலையில கட்டிட்டேன்."

குட்டி நிமிர்ந்து பார்த்தாள். "அன்றுன்னா அன்னிக்குன்னுதானே அர்த்தம்?"

"அதுவும்தான். இதுவும்தான்."

"ஒரே வார்த்தையா?"

"ஒரே வார்த்தை."

"கண் டெஸ்டுக்கு ஊரையெல்லாம் உக்கார வெச்சுக் கடைசி வரி வரைக்கும் படிங்க, படிங்கன்னு உயிரை வாங்கறவ நான்" என்றாள் குட்டி. மூக்கை உறிஞ்சினாள். "அந்தச் சீட்டை ஃப்ரிட்ஜ்ல பாத்ததும் என்ன நெனச்சேன் தெரியுமா? பரவால்லையே, நம்ம மீனுக்காக அண்ணி ஆபீஸ்லேர்ந்து கொண்டாந்து ஒட்டியிருக்காங்களேன்னு. அதுக்காகவே எழுத்துப் பிசகாம செஞ்சேன்."

அண்ணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அந்தத் தம்ளரைக் கழுவி வெச்சப்ப நானும் என்னென்னவோ நெனச்சேன்" என்றாள். "ரெண்டு பேரும் நெனச்சதோட நிறுத்திகிட்டோம் பாரு. அங்கதான் கோளாறு."

&nbsp;

மாலை நாலரை மணிக்கு அண்ணன் வந்தார். கூடத்துத் தரையில் பெண்டாட்டியும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஒரே தட்டில் பிஸ்கட் தின்பதைப் பார்த்தார். சத்தம் போடாமல் வெளியே போய்க் கதவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"வீடு இதுதான். உள்ள வாங்க" என்றாள் அண்ணி.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஷ்ஷ்! எண்ணிக்கிட்டிருக்கோம்ல!" என்றாள் குட்டி.

நாற்பத்தொன்று. மூன்று தடவை எண்ணியும் நாற்பத்தொன்று. பத்தொன்பது போனது போனதுதான், குட்டி அவற்றைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்து, பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு வந்திருந்தாள். மற்றவை வேருக்கு முன்னால் கொத்தாக நீந்தின. சாவி துடுப்பை வெடுக் வெடுக்கென்று ஆட்டி அவற்றைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பூட்டு கீழே இறங்கி வந்துவிட்டது. அதன் விலாவில் கறுப்பு ஒன்று கூடித் திரண்டு, அரைகுறையாக ஒரு சாவித்துவாரம் தெரிந்தது.

அண்ணனின் போனில் மணி அடித்தது. எடுத்துப் படித்தார். "ஒரு நாள் வைத்தாலும் போதாது, ஒரு வாரம் வைத்தாலும் போதாது... அட, வாரியத்துலேர்ந்து மெசேஜு. இதை யாரோ மனுஷங்க எழுதின மாதிரி இருக்கே!"

அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். குட்டி சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே எழுந்தாள்.

"அண்ணா, இந்த சோபாவைத் தூக்கி உள் ரூம்ல போடு. அண்ணி மேசை இங்க வரட்டும். தொட்டிப் பக்கத்துல வெளிச்சமும் இருக்கு, அமைதியாவும் இருக்கும். இதுங்களுக்குப் பேசத் தெரியாது, படிக்கறவங்களைத் தொந்தரவு பண்ணாது."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"தரைல" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டில் மாட்டியவரைப் போல மூன்று வாரம் இருவருக்கும் இடையில் தவித்த மனிதர் சோபாவைத் தூக்கினார்.

மேசை வந்தது. அண்ணி துடைத்துப் புத்தகங்களை அடுக்கினாள். குட்டி மீன் தீனி டப்பாக்கள் இருந்த அலமாரியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு பெரிய டப்பாவைத் தூக்கி, அதன் அடியில் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்தாள்.

அண்ணி அதை அடையாளம் கண்டுகொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் வக்கீலிடமிருந்து வந்த பதிவுத் தபால். வாசலிலேயே நின்று படித்துவிட்டு, குட்டி யாருக்கும் காட்டாமல் மடித்துக்கொண்டு போனது. வீட்டில் எல்லோரும் அதை விவாகரத்து நோட்டீஸ் என்றே வைத்துக்கொண்டார்கள். கேட்கத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை.

"அண்ணி." குட்டியின் குரல் இறங்கியிருந்தது. "மத்தியானத்துலேர்ந்து எனக்கு இதே ஞாபகம். இதுலயும் ஒரு அன்று இருக்கு."

"எங்க?"

குட்டி விரல் வைத்துக் காட்டினாள். அண்ணி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

'பிரிந்து வாழ்தல் எமது கட்சிக்காரரின் நோக்கமன்று.'

"நோக்கம், அன்று" என்றாள் குட்டி. "அன்னிக்கே அவருக்கு அதுதான் நோக்கம்னு படிச்சேன். மீனா நானான்னு கத்தினதே திட்டம் போட்டுத்தான், என்னைக் கிளப்பத்தான்னு நெனச்சேன். அதுக்கு மேல ஒரு வரிகூடப் படிக்கல. அப்படியே மடிச்சு வெச்சுட்டேன். இப்ப நீங்க நேராச் சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க."

அண்ணி அடுத்த பக்கத்தையும் கடைசி வரை படித்தாள். பிறகு காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"இல்லைன்னு அர்த்தம் குட்டி. பிரியறது அவர் நோக்கம் இல்ல. திரும்பி வரச் சொல்லிக் கேட்டிருக்கார். தொட்டியோடயே வரட்டும்னு போட்டிருக்கார். முப்பது நாள்ல பதில் கேட்டிருக்கார்."

அண்ணன் தரையிலிருந்து எழுந்து நின்றார். முப்பது நாள் முடிந்து இன்னொரு முப்பது நாளும் ஆகிவிட்டது என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

குட்டியின் முகம் சிவந்தது. அழுகையால் இல்லை. "வாயால சொல்ல வேண்டியதை வக்கீல் வெச்சு எழுதினா இப்படித்தான் ஆகும்!"

"ஃப்ரிட்ஜ்ல ஒட்டினாலும் இப்படித்தான் ஆகும்" என்றாள் அண்ணி. "நான் இன்னிக்கு ஓடி வந்தேன். பத்தொன்பது போச்சு, நாப்பத்தொண்ணு பொழைச்சுது. உனக்கு அவர் வேணுமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கேக்க வேண்டியதைக் கேட்டுடு. இன்னிக்கே கேட்டுடு."

குட்டி தொட்டியைப் பார்த்தாள். சாவி இன்னும் துடுப்பை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது. குட்டி போனை எடுத்தாள். நாலு மாதமாகத் தொடாத எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை, விரலுக்குத் தெரிந்திருந்தது.

"சீட்டும் வேணாம், வக்கீலும் வேணாம்" என்றாள். "வாயாலயே கேக்கறேன். வேணும்னா வேணும்னு சொல்லட்டும், வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். எனக்குப் புரியற தமிழ்ல சொல்லட்டும்."

மணி போயிற்று. ஒன்று. இரண்டு. அண்ணி அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று.

நாலாவது மணியில் எடுத்தார்கள்.

எடுத்த குரல் மாப்பிள்ளையின் குரலன்று. (தொடரும்)